கைக்கு அடக்கமான ஊர்

பிப்ரவரி 9

அக்கா,

விசா வந்துவிட்டது. நடுவில் எங்கேயோ ஒளித்துவைக்காமல் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். மூச்சை விட்டுவிட்டு மீதியைப் படி.

சுற்றுலா விசாதான். கண்ணாடிக் கடை முதலாளி அம்மா எனக்காக ஒரு கடிதம் கொடுத்தார். ஏழு வருடமாக எங்கள் கடையில் மூக்குக் கண்ணாடி பொருத்தும் வேலை பார்க்கிறாள், லீவு முடிந்ததும் திரும்பி வந்து சேருவாள் என்று எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீ திரும்பி வரமாட்டேன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இந்தப் பேனாவுக்கு மட்டும்தான் தெரியாது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பேனாவை மூட அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

டிக்கெட் கடைக்காரர் பயமுறுத்தி அனுப்பினார். "விசா இருந்தா உள்ளே விட்டுடுவாங்கன்னு நினைச்சுக்காதம்மா. இறங்கினதும் ஒரு ஆபீசர் உட்கார்ந்திருப்பார். எதுக்கு வந்தே, எதைப் பாக்கப் போறேன்னு கேப்பார். தனியா வர்ற பொம்பளைன்னா ரெண்டு கேள்வி கூடவே கேப்பார். கையில ஒரு கைடு புக் வச்சுக்கோ. சுத்திப் பாக்க வர்றவங்க கையில அது இல்லாம இருக்காது."

புத்தகக் கடைக்குப் போனேன். உன் ஊரைப் பற்றி மூன்று இருந்தன. ஒன்று செங்கல் கனம். ஒன்று வழவழவென்று படமாகவே இருந்தது. இன்னொன்று பைக்குள் போடுகிற மாதிரி குட்டியாக இருந்தது. மூன்றையும் மாற்றி மாற்றிப் புரட்டினதில் கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார். வாங்காமல் வந்துவிட்டேன். தப்பான புத்தகத்தை வாங்கினால் தப்பான ஆள் என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீ ஒன்பது வருடமாக அந்த ஊரில் இருக்கிறாய். எதை வாங்கட்டும், சொல்.

என் வீட்டுக்காரருடைய கப்பல் ஜூன் முதல் வாரம் கரைக்கு வருகிறதாம். மாமியார் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார். போன தடவை அவர் வந்துவிட்டுப் போனதில் இருந்து என் இடது சுண்டுவிரல் மடங்குவதில்லை. கண்ணாடிக்குத் திருகு போடும்போது மற்ற விரல்கள் அதன் வேலையையும் சேர்த்துப் பார்க்கின்றன. இந்தத் தடவை விரலோடு நிற்காது அக்கா. போகும்போது வாசலில் நின்று அவரே சொல்லிவிட்டுத்தான் போனார்.

எப்போதும் போலக் கடை முகவரிக்கே எழுது. வீட்டுக்கு வந்தால் கீழ் வீட்டில் மாமியார் பிரித்துவிடுவார். போன் அடித்தாலும் அவர்தான் எடுப்பார்.

உன் வாலு

பிப்ரவரி 22

வாலு,

மூச்சை விடச் சொன்னாய், விட்டேன். திரும்ப உள்ளே இழுக்கத்தான் முடியவில்லை.

ஒன்பது வருடமாக இருக்கிறாயே, உனக்குத் தெரியாதா என்று என்னையே கேட்கிறாயே, உனக்கே நியாயமாகப் படுகிறதா? நான் அறை சுத்தம் செய்யும் ஓட்டல், அதன் பின்பக்கத் தெரு, பேருந்து, என் அறை. இந்த ஊர் எனக்கு இவ்வளவுதான். என் விசா முடிந்துபோய் எத்தனை வருடம் ஆகிறது என்பதை மறந்துவிட்டாயா? ஆற்றுக்கு மேலே ஒரு பழைய பாலம் இருக்கிறது, இரண்டு பக்கமும் சிலைகள். அதைப் பார்க்கத்தான் உலகமே இங்கே வருகிறது. நான் அதை மூன்றாம் மாடி அறைச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். தூசி தட்டும்போது. பாலத்தின் முனையில் போலீஸ்காரர்கள் நிற்பார்கள், அதனால் அந்தப் பக்கமே போவதில்லை.

ஆனால் புத்தகம் எது என்று கேட்டால் எனக்குத் தெரியும். அறையைக் காலி செய்கிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் புத்தகங்களை, போர்வையும் துண்டும் அடுக்கும் அறையில் ஒரு கூடையில் போடுவோம். கூடை நிறைந்ததும் குப்பைக்குப் போகும். உன் கடிதம் வந்த அன்று அந்தக் கூடையைக் கொட்டிக் கிளறினேன். மேற்பார்வைக்காரி எட்டிப் பார்த்து என்ன தேடுகிறாய் என்றாள். காதுத் தோடு என்றேன். பாவம், அவளும் குனிந்து கொஞ்ச நேரம் தேடினாள்.

சொல்வதைக் கேள். செங்கல் வேண்டாம். அது முதுகில் மூட்டையோடு வருகிற சின்ன வயதுக்காரர்களுடையது. அதன் கடைசியில் இந்த ஊரில் வேலை தேடுவது எப்படி, நீண்ட நாள் தங்குவது எப்படி என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபீசர் அந்தப் பக்கத்தைப் பிரித்தால் உன் கதை முடிந்தது. படப் புத்தகமும் வேண்டாம். இத்தனை வருடத்தில் அதை ஒருத்தரும் அறையில் விட்டுப் போனதில்லை. அது வீட்டில் மேசைமேல் வைக்க வாங்குவது, கையில் தூக்கிக்கொண்டு அலைவதற்கு இல்லை. குட்டிதான் சரி. அட்டைக்குள் மடித்த வரைபடம் இருக்கிறதா என்று பார். அதைத்தான் தலையணைக்கு அடியிலும் கோட்டுப் பையிலும் குளியலறை ஜன்னல்மேலும் விட்டுவிட்டுப் போகிறார்கள். நாலைந்து நாள் தங்கி, பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகிறவர்களுடைய புத்தகம் அது. நீ அப்படிப்பட்டவளாக இருக்க வேண்டும்.

புதுசாகக் கொண்டுவந்து நிற்காதே. கொஞ்சம் கசக்கு.

வாசலில் நின்று சொன்னாராமே, யாரிடமாவது அதைச் சொன்னாயா? முதலாளி அம்மாவிடமாவது சொல்லிவை.

அக்கா

மார்ச் 8

என் பெரிய மேடத்துக்கு,

உத்தரவுப்படி குட்டியை வாங்கிவிட்டேன். எங்கள் கடைக் கண்ணாடிக் கூட்டைவிட ஒரு விரல்தான் பெரியது. உன் ஊர் மொத்தமும் அதற்குள் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கடையில் என் மேசை இழுப்பறையில், காதில் சரியாக உட்காராமல் திரும்பி வந்த கண்ணாடிச் சட்டங்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கசக்குவது என்பது நீ நினைக்கிற மாதிரி சுலபமான வேலை இல்லை. வேண்டுமென்றே மடித்தால் வேண்டுமென்றே மடித்தது தெரிகிறது. முதலாளி அம்மா வாங்கி, அதன்மேல் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்தார். "ஒரு ஊர் மேல உட்கார்ந்திருக்கேன், யாருக்குக் கிடைக்கும்" என்றார். மறுநாள் ஒரு மூலையில் தேநீர் சிந்தினேன். இப்போது பார்த்தால் மூன்று ஊர் சுற்றின மாதிரி இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் படிக்கிறேன். பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை. கோட்டை எத்தனை மணிக்குத் திறக்கும், மணிக்கூண்டுக் கோபுரத்தில் ஏற டிக்கெட் எங்கே வாங்க வேண்டும், எந்த டிராம் ஆற்றைக் கடக்கும் என்று எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். கடையில் கூட்டம் இல்லாதபோது முதலாளி அம்மா ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆபீசர் ஆகிவிடுகிறார். "எதுக்கு வந்தே?" "சுத்திப் பாக்க." "யார் இருக்கா இங்க?" "யாரும் இல்லை." முதல் தடவை அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதைச் சொல்றப்பதான் நீ மாட்டுவே. தினம் பத்துத் தடவை சொல்லு" என்றார்.

தினம் சொல்கிறேன் அக்கா. எனக்கு அங்கே யாரும் இல்லை, யாரும் இல்லை என்று. பேருந்தில் வரும்போதுகூட உதடு தானாக அசைகிறது. நேற்று மாமியார், "என்னடி தனியாப் பேசறே, யாருகிட்ட?" என்றார். கடைக் கணக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

முதலாளி அம்மாவுக்கு எல்லாம் தெரியும். விரலைப் பார்த்த அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது.

வாலு

மார்ச் 21

வாலு,

நான் பாலத்தைப் பார்த்துவிட்டேன்.

எப்படி என்று கேள். கூடையில் உன் குட்டியைப் போலவே ஒன்று கிடந்தது. எடுத்துவந்தேன். நீ இங்கே வந்து நிற்கும்போது அதில் போட்டிருப்பது நிஜத்தில் இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டாமா? விடுமுறை நாளன்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். பாலத்தின் முனை வரைக்கும் போய்த் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். அங்கே ஒரு போலீஸ்காரன் என்னைப் பார்த்துவிட்டான். திரும்பினால் சந்தேகம் வரும், நடந்தால் மாட்டிக்கொள்வேன். அங்கேயே நின்றுவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தான். அவ்வளவுதான். கோட்டைக்கு வழி அந்தப் பக்கம் என்று கையைக் காட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

இத்தனை வருடமாக நான் சுவரோரமாக நடந்திருக்கிறேன் வாலு. கையில் இந்தப் புத்தகம் இருந்தால் நடுத்தெருவில் நடக்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாலத்தைத் தாண்டி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு கிழவர் புறாக்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்னை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அழுகையாக வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்தை நம்பி மோசம் போகாதே. மணிக்கூண்டுக் கோபுரம் தினமும் திறந்திருக்கும் என்று அதில் இருக்கிறது. பொய். குளிர்காலத்தில் இருந்தே சாரம் கட்டிப் பழுது பார்க்கிறார்கள், மேலே ஏற விடுவதில்லை. ஆற்றங்கரை ரொட்டிக் கடை இப்போது செருப்புக் கடை. படகுத்துறையைக் கீழ்ப் பாலத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன். இதை எல்லாம் மனதில் வாங்கிக்கொள். புத்தகத்தில் எழுதிவைக்காதே, உன் கையெழுத்து அதில் இருக்கக் கூடாது.

அடுத்த விடுமுறைக்குக் கோட்டைப் பக்கம் போகிறேன்.

அக்கா

ஏப்ரல் 5

அக்கா,

நீ பாலத்தைத் தாண்டினதை முதலாளி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். தூசி என்றார். கண்ணாடிக் கடைக்காரிக்கே தூசி.

இங்கே நிலைமை சரியில்லை. ஏதோ துறைமுகத்தில் இருந்து அவர் மாமியாருக்குப் போன் செய்திருக்கிறார். நான் மாடிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். மாமியார் சொன்னது காதில் விழுந்தது. "இருக்கா, இருக்கா. ஆனா முன்ன மாதிரி இல்லை. தனியாப் பேசறா, கடையில இருந்து லேட்டா வர்றா. நீ வந்து பாரு." அப்புறம் கொஞ்ச நேரம் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரிப்பா, பூட்டி வைக்கிறேன்" என்றார். எதைப் பூட்டி வைக்கப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது, என்னைத்தான்.

கப்பல் முன்னாலேயே வந்தாலும் வருமாம். டிக்கெட்டை மே 28க்கு மாற்றிவிட்டேன், அதற்கு முன்னால் இடம் இல்லை. பாஸ்போர்ட் முதலாளி அம்மாவின் பீரோவில் இருக்கிறது.

என்னால் நீ வெளியே சுற்ற ஆரம்பித்திருக்கிறாயே, அதுதான் எனக்குப் பெரிய பயம். புத்தகம் எப்போதும் காப்பாற்றாது. போதும் அக்கா, கோட்டைக்குப் போகாதே. போயிருந்தால் எப்படி இருந்தது என்று எழுது.

வாலு

ஏப்ரல் 18

வாலு,

போனேன். காற்று அதிகம். ஒரு மேல்துணி எடுத்துவா.

முந்தாநாள் பக்கத்துத் தெரு ஓட்டலில் அதிகாரிகள் வந்து சமையலறையில் இருந்து இரண்டு பெண்களைக் கூட்டிப்போனார்கள். அதில் ஒருத்தியைப் பேருந்தில் தினமும் பார்ப்பேன், பேர்கூடத் தெரியாது. எப்போதும் ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்துவைப்பாள். எங்கள் மேற்பார்வைக்காரி என்னைத் துணி அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, யாராவது வந்தால் பின்பக்கமாகப் போய்விடு என்றாள். போர்வைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. வெளியே வந்து பதினொன்றாம் அறையைச் சுத்தம் செய்தேன்.

அன்றைக்கு உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். வராதே என்று. எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். இங்கே வந்து நீயும் என்னை மாதிரி சுவரோரம் நடக்கத்தான் போகிறாய். அங்கே இருந்தால் அவர் கையில் சாகப்போகிறாய். ஒரு அக்கா இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? புத்தகம் தேர்ந்தெடுப்பது சுலபமாக இருந்தது.

சரி, எண்ணி எண்ணிச் சொல்கிறேன். என் கடிதம் ஒன்றுகூட உன் பையில் இருக்கக் கூடாது. என் பேர், ஓட்டல் பேர், முகவரி எதுவும் எழுதி வைத்துக்கொள்ளாதே, மனப்பாடம் செய். கேட்டால் உனக்கு இங்கே யாரையும் தெரியாது. நான் விமான நிலையத்துக்கு வரமாட்டேன், அங்கே வாசலுக்கு வாசல் சீருடைக்காரர்கள். நீயாகப் பேருந்து பிடித்துப் பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கிப் பாலத்தைத் தாண்டு. புறாக்கிழவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிப்பிடித்துத் தொலைக்காதே. பின்னாலேயே வா.

அக்கா

மே 3

அக்கா,

வராதே என்று எழுதிக் கிழித்தாயே, கிழித்ததோடு விட்டிருக்கலாம். எதற்கு என்னிடம் சொன்னாய்? இரண்டு நாள் உன்மேல் இருந்த கோபத்தில் எனக்குப் பயம்கூட மறந்துவிட்டது. அந்த வகையில் நன்றி.

நான் வருகிறேன். சுவரோரமாவது நடக்கிறேன். இங்கே சுவரே என்மேல் வந்து விழுகிறது. மாமியார் இப்போது வாசல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்குகிறார். கடைக்கு மட்டும் விடுகிறார், சம்பளம் வர வேண்டுமே. 28 அன்று காலையில் வழக்கம்போலக் கடைக்குக் கிளம்புவேன். பெட்டி கடையில் இருக்கும். முதலாளி அம்மாவே காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். விமானத்தைவிட அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

உன் கடிதங்களை எல்லாம் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுக் கையாலேயே கரைத்தேன். இத்தனை வருடக் கடிதம். மை எல்லாம் சேர்ந்து தண்ணீர் நீலமாகிவிட்டது. அதைக் கீழே ஊற்ற எனக்கு மனசே வரவில்லை. முதலாளி அம்மாதான் ஊற்றினார்.

இனி பதில் எழுதாதே. நேரில் பேசுவோம். ஒன்பது வருடத்துப் பேச்சு பாக்கி இருக்கிறது, பின்னாலேயே வா என்றால் எத்தனை தெருவுக்குத்தான் வாயை மூடிக்கொண்டு வருவேன்?

வாலு

மே 30

வாலு,

இது உனக்குக் கிடைக்குமா என்று தெரியவில்லை. கடை முகவரிக்கே அனுப்புகிறேன். நீ எங்கே இருக்கிறாய், அவர் வந்துவிட்டாரா, எதுவும் தெரியாமல் எழுதுகிறேன்.

நான் விமான நிலையத்துக்கு வந்தேன். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பெஞ்சில் உட்கார முடியவில்லை. கையில் புத்தகம் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் பேருந்து ஏறிவிட்டேன். நீ வெளியே வந்ததும் தூரத்தில் இருந்து ஒருமுறை பார்த்துவிட்டு, உனக்கு முன்னாலேயே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன்.

உன் விமானத்தில் வந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். வரவேற்க வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் கடைசியில் நான் ஒருத்திதான் நின்றேன். அப்போதே போயிருக்க வேண்டும். கண்ணாடிக் கதவு திறந்தது. ஒரு ஆபீசர் வந்தார், கூடவே நீ வந்தாய்.

அவர் நேராக என்னிடம் வந்தார். புத்தகத்தைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். இந்தப் பெண்ணுக்காகவா காத்திருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தலையைத் தூக்கினேன். நீ கைக்கெட்டும் தூரத்தில் நின்றாய். நான் நோ என்றேன். என் கூட்டத்துக்காக நிற்கிறேன் என்றேன். எந்தக் கூட்டம் என்று அவர் கேட்பதற்குள் வேறு விமானத்தில் இருந்து ஒரு சுற்றுலாக் கூட்டம் கொடி பிடித்துக்கொண்டு வந்தது. அதற்குள் புகுந்துவிட்டேன். அவர்களோடு அவர்கள் பேருந்து வரைக்கும் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் மாட்டிக்கொள்வேன் என்ற பயம். அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

அறைக்கு வந்து வாந்தி எடுத்தேன். ஆமாம், என் தங்கைதான் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாற்றி மாற்றி யோசிக்கிறேன். உன்னை ஏன் நிறுத்தினார்கள் என்றும் புரியவில்லை. எல்லாம் சரியாகத்தானே செய்தோம். சரியான புத்தகம்தானே.

உன்னை நான் தெரியாது என்று சொல்லிவிட்டேன் வாலு. உயிரோடு இருந்தால் ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

ஜூன் 19

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். மறுபடியும் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

மறுநாள் விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இறங்கியதும் முதலாளி அம்மாவுக்குப் போன் செய்தேன். "வீட்டுப் பக்கம் போகாதே, அங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டு வந்தார். வந்த வேகத்தில் காரின் ஒரு பக்கக் கண்ணாடியைக் காணோம். அவருடைய நாத்தனார் வேறு ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அங்கே மாடியில் சரக்கு அறையில் இருக்கிறேன். பகலில் லென்ஸ் தேய்க்கிறேன், முன்பக்கம் போவதில்லை. கதவு தட்டினால் யார் என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறேன். கேட்கும்போது என் குரலை நானே மாற்றிக்கொள்கிறேன். உன் கடிதத்தை முதலாளி அம்மா நேரில் கொண்டுவந்து கொடுத்தார். இனி உறைமேல் நாத்தனார் பேரை மட்டும் எழுது, முகவரி தனியே வரும்.

அவர் வந்துவிட்டார். வந்த மறுநாளே பழைய கடைக்குப் போய் ஒவ்வொரு சட்டமாக எடுத்து மாட்டிப் பார்த்தாராம். கடைசியில், "என் பொண்டாட்டி எங்கே?" என்றாராம், சாதாரணமாக. முதலாளி அம்மா, "வெளிநாடு போயிட்டாளே, உங்ககிட்ட சொல்லலையா?" என்றாராம். டிக்கெட் கடையிலும் விசாரித்திருக்கிறார். போனது மட்டும்தான் அங்கே தெரியும், திரும்பி வந்தது தெரியாது. நான் உன் ஊரில்தான் இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். எனக்கு அது நல்லது. உனக்கு நல்லதா என்று தெரியவில்லை. உன் முகவரி அவருக்குத் தெரியாது, ஊர் தெரியும். கப்பல்காரர் எந்தக் கரையிலும் இறங்கலாம். அக்கா, அவர் முகம் உனக்கு நினைவிருக்கிறதா? கல்யாணத்தில் பார்த்ததுதான். இப்போது மீசை இல்லை, எடை போட்டிருக்கிறார். ஓட்டலில் அறை கேட்டு வந்தால் நீ துணி அறைக்குள் போய்விடு.

ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டாய். மறைக்கத்தான் நினைத்தேன். ஆனால் நீ எல்லாக் குற்றத்தையும் உன் தலையில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிடப்பாய். ஆபீசர் நல்லவராகத்தான் இருந்தார். எதற்கு வந்தாய் என்றார், சொன்னேன். யார் இருக்கிறார்கள் என்றார், யாரும் இல்லை என்றேன், குரல் கம்மவில்லை. முத்திரை குத்தக் கையை எடுத்துவிட்டார். அப்புறம் பேச்சோடு பேச்சாக என் புத்தகத்தைப் புரட்டி, மணிக்கூண்டுக் கோபுரத்தில் அவசியம் ஏறிப் பார், ஊரே தெரியும் என்றார், சோதிக்கத்தானோ என்னவோ. நான் பெரிய படிப்பாளி மாதிரி, அது மூடியிருக்கிறதே, சாரம் கட்டியிருக்கிறார்களே என்றேன். கை அப்படியே நின்றுவிட்டது. இந்தப் புத்தகத்தில் திறந்திருக்கிறது என்று போட்டிருக்கிறதே, உனக்கு யார் சொன்னார்கள் என்றார். டிக்கெட் கடைக்காரர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் சொல்லியிருக்கலாம். வாயில் ஒன்றும் வரவில்லை. நீ நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தது மட்டும்தான் கண்முன் நின்றது. அந்த யாரோ ஒருவரைத் தேடித்தான் என்னைக் கூட்டிக்கொண்டு அவர் வெளியே வந்தார்.

கதவு திறந்ததும் உன்னைப் பார்த்துவிட்டேன். உலகத்தில் எத்தனையோ பேர் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பார்கள், எனக்குப் பாதத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அவர் உன்னை நோக்கி நடந்த அந்தக் கொஞ்ச தூரத்தில், சொல்லாதே சொல்லாதே என்று மனசுக்குள் உன்னைக் கும்பிட்டுக்கொண்டே வந்தேன். ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். உன்னை எனக்குத் தெரியாதா? ஒன்பது வருடம் கழித்து உன் குரலில் ஒரே ஒரு வார்த்தை கேட்டேன், அதுவும் இங்கிலீஷில். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நீயும் என்னோடு மாட்டியிருந்தால் அந்த அறையில் நான் செத்தே போயிருப்பேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். புத்தகத்தைக் கையை முழுசாக நீட்டிப் பிடித்திருந்தாய், தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு. கடையில் தினமும் அப்படிப் பத்துப் பேர் வருகிறார்கள். உனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. எழுத்து கண்ணுக்கே தெரியாமல்தான் அங்கே நின்றிருக்கிறாய். எனக்குத் தெரிந்தது இன்னொருத்தருக்கும் தெரியும். ஒன்றேகால் பவரில் ஒரு கண்ணாடி செய்திருக்கிறேன். சட்டம் உன் முகத்துக்குச் சரியாக இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் வேறு எதைப் பார்த்தேன் என்று நினைக்கிறாய்?

தினமும் போட்டுக்கொள்.

வாலு